‘கம்ப்யூட்டர் போட்ட பாட்டு’: ரகுமானின் பயணத்தில் இயந்திரம் எது, இசை எது?

சிராங்கூன் சாலையில் மாலை நேரத்தில் நடந்தால் கடைக்குக் கடை ஒரு பாட்டு காதில் விழும். பூக்கடையில் ஒன்று, நகைக்கடையில் ஒன்று, உணவகத்தில் வேறொன்று. கடந்த முப்பது ஆண்டுகளில் வந்த தமிழ்த் திரைப்பாடலாக இருந்தால், அது உருவான வழியில் ஏதோ ஓரிடத்தில் கணினி இருந்திருக்கும் என்று தயங்காமல் சொல்லலாம்.

அதே பாடல்களைக் கேட்டு வளர்ந்த நம் இளையர்கள் பலர், வீவக வீட்டுப் படுக்கையறையில் மடிக்கணினியும் சிறிய விசைப்பலகையும் வைத்துக்கொண்டு சொந்தமாக இசையமைக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “கம்ப்யூட்டர்தானே எல்லாம் போடுது, நீ என்ன செய்யறே?”

இந்தக் கேள்வி புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில் ஏ.ஆர். ரகுமானைப் பற்றியும் இதையே கேட்டார்கள். மின்னிசைக் கருவிகளோடு வளர்ந்து, திரைப்பட இசையமைப்பாளராகி, இரண்டு ஆஸ்கார் விருதுகள் வரை சென்ற அவரது பயணத்தைப் படிப்படியாகப் பார்த்தால், எந்த வேலையை இயந்திரம் செய்கிறது, எதை மனிதர் செய்கிறார் என்பது ஓரளவு தெளிவாகும். செயற்கை நுண்ணறிவு குரலையே நகலெடுக்கும் இன்றைய நிலையில் அந்தத் தெளிவு நமக்குத் தேவையும்கூட.

கருவிகளை வாடகைக்கு விட்ட வீடு

ரகுமான் 1967 ஜனவரி 6ஆம் தேதி சென்னையில் பிறந்தார். இயற்பெயர் திலீப் குமார். தந்தை ஆர்.கே. சேகர் மலையாளத் திரைப்படங்களுக்கு இசையமைத்தவர். பிற இசையமைப்பாளர்களுக்கு இசைக்கோப்பாளராகவும் பணியாற்றினார். ரகுமானுக்கு 9 வயதாக இருந்தபோது அவர் காலமானார்.

தந்தை விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே குடும்பம் சில காலம் பிழைத்தது. சிறுவனுக்கு விளையாட்டுப் பொருள், பாடநூல், குடும்ப வருமானம் எல்லாமே அந்தக் கருவிகள்தான். பதின்ம வயதிலேயே ஒலிப்பதிவுக் கூடங்களில் விசைப்பலகை வாசிக்கத் தொடங்கினார். படிப்பைத் தொடர முடியாமல் பள்ளியிலிருந்து பாதியில் விலகினார்.

மாஸ்டர் தன்ராஜிடம் மேற்கத்திய இசை பயின்றார். எம்.எஸ். விஸ்வநாதன், இளையராஜா, ராஜ்-கோட்டி உள்ளிட்டோரின் குழுக்களில் வாசித்தார். நண்பர்களுடன் இசைக்குழு நடத்தினார். விளம்பரங்களுக்கு இசையமைத்தார். முதல் படத்துக்குக் கையெழுத்திடும்போது அவருக்கு வயது 25கூட நிறையவில்லை. ஆனால் ஒலிப்பதிவுக் கூட அனுபவம் பத்தாண்டுக்கும் மேல்.

இதைக் குறிப்பிடக் காரணம் உண்டு. ‘கணினியால் திடீரென வந்தவர்’ என்று அவரைப் பார்த்தவர்கள், கணினிக்கு முன்பிருந்த அந்தப் பத்தாண்டைப் பார்க்கவில்லை.

உலகத் திரையில் மின்னிசை

திரைப்படத்துக்கு மின்னிசை என்பது தமிழில் தொடங்கியதன்று. 1956இல் வெளிவந்த ‘ஃபர்பிடன் பிளானெட்’ என்ற ஹாலிவுட் படத்துக்கு லூயி பேரன், பீபி பேரன் தம்பதியர் முழுக்க முழுக்க மின்சுற்றுகளிலிருந்து எழுந்த ஒலிகளைக் கொண்டே இசை அமைத்தார்கள். 1968இல் வெண்டி கார்லோஸ், பாக்கின் செவ்வியல் இசையை மோக் சிந்தசைசரில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அதன் பிறகே ‘இந்தப் பெட்டியிலும் இசை இருக்கிறது’ என்று பலரும் ஒப்புக்கொண்டார்கள். 1981இல் ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படத்துக்கு வாஞ்சலிஸ் அமைத்த சிந்தசைசர் இசை ஆஸ்கார் விருது பெற்றது.

இந்தியாவிலும் முன்னோடிகள் இருந்தனர். மும்பைத் திரையிசைக் கலைஞரான சரண்ஜித் சிங், 1982இல் பத்து இந்துஸ்தானி ராகங்களை மின்னணுத் தாளக் கருவிகளோடு வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அப்போது அது பெரிதாகப் பேசப்படவில்லை. ஏறக்குறைய 30 ஆண்டுகள் கழித்து மறுவெளியீடு கண்டபோது உலக மின்னிசை ரசிகர்கள் வியந்தார்கள்.

தமிழில் 1986 ஒரு முக்கிய ஆண்டு. இளையராஜா இசையமைத்த ‘விக்ரம்’, ‘புன்னகை மன்னன்’ ஆகிய இரு படங்களும் அந்த ஆண்டு வந்தன. கணினிவழி சீக்வென்சரைப் பயன்படுத்திய முதல் இந்தியத் திரையிசைகளில் ஒன்றாக ‘புன்னகை மன்னன்’ கருதப்படுகிறது. ஆக, தமிழ்த் திரையில் கணினியை முதலில் கொண்டுவந்தவர் ரகுமான் என்று சொல்வது சரியாகாது. அவர் செய்தது வேறு: கணினியைச் சுற்றி வேலை முறையையே மாற்றினார்.

மூன்று சொற்கள், எளிய விளக்கம்

அதைப் புரிந்துகொள்ள மூன்று கருவிகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது சிந்தசைசர். மின்சாரத்தைக் கொண்டு புதிய ஒலியை உண்டாக்கும் கருவி. ஏற்கெனவே உள்ள ஒரு வாத்தியத்தின் நகலாகத்தான் அந்த ஒலி இருக்கவேண்டும் என்பதில்லை.

இரண்டாவது சாம்ப்ளர். இது உண்மையான ஒலியைப் பதிவுசெய்து விசைப்பலகையில் ஏற்றிவைக்கும். ஒரு தவிலின் ஒரே ஒரு அடியைப் பதிவு செய்தால், அதை விசையில் வைத்துப் பலவிதமாக வாசிக்கலாம். தண்ணீர்ச் சொட்டு, ரயில் சத்தம், பாடகரின் ஒரு ‘ஓ’ என எதையும் வாத்தியமாக்கலாம்.

மூன்றாவது சீக்வென்சர். எந்த சுரம் எப்போது ஒலிக்கவேண்டும் என்று நினைவில் வைத்துக்கொண்டு, கேட்டபோதெல்லாம் அப்படியே வாசிக்கும். இது வேலை செய்யப் பயன்படும் பொதுமொழிதான் ‘மிடி’. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேச 1983இல் இது நடைமுறைக்கு வந்தது.

மிடியில் ஒலி செல்வதில்லை, கட்டளைதான் செல்கிறது. விசைப்பலகையின் நடு ‘ஸி’ சுரத்துக்கு எண் 60. எவ்வளவு அழுத்தி வாசிக்கவேண்டும் என்பதற்கு 0 முதல் 127 வரை ஓர் எண். எப்போது தொடங்கி எப்போது நிற்கவேண்டும் என்பதற்கு நேரம். சமையல் குறிப்பைத் தபாலில் அனுப்புவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பு ஒன்றுதான், அடுப்பும் பாத்திரமும் மாறினால் சுவை மாறும். அதேபோல் ஒரே மிடிக் கட்டளையைப் புல்லாங்குழல் ஒலிக்கும் கொடுக்கலாம், வயலின் ஒலிக்கும் கொடுக்கலாம்.

இந்தக் கதையில் சிங்கப்பூருக்கும் ஒரு பங்குண்டு. சைனாடவுனில் பேர்ல்ஸ் சென்டரில் ஒரு சிறிய கடையாக 1981இல் சிம் வோங் ஹூ தொடங்கிய ‘கிரியேட்டிவ் டெக்னாலஜி’, 1989இல் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ ஒலி அட்டையை வெளியிட்டது. அதுவரை ‘பீப்’ சத்தம் மட்டுமே போட்டுக்கொண்டிருந்த பல வீட்டுக் கணினிகள் அதன்பின் இசை வாசித்தன, ஒலியைப் பதிவு செய்தன, மிடிக் கருவிகளோடும் பேசின. உலகம் முழுவதும் பல இளையர்களுக்கு முதல் ‘ஒலிப்பதிவுக் கூடம்’ அதுதான்.

தோட்டத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம்

அதே 1989இல் ரகுமான் சென்னையில் தம் வீட்டின் பின்புறத்தில் ‘பஞ்சதன் ரெக்கார்ட் இன்’ என்ற ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். அவரது வாழ்க்கையில் மிகப் பெரிய முடிவு இதுவே என்று சொல்லலாம்.

அதுவரை தமிழ்த் திரைப்பாடல் உருவான விதம் பெரும்பாலும் இப்படி இருந்தது: இசையமைப்பாளர் மெட்டும் இசைக்குறிப்பும் தயாரிப்பார். குறிப்பிட்ட நாளில், வாடகைக்கு எடுத்த பெரிய கூடத்தில் வயலின் வரிசை, குழல், தபேலா, கிட்டார், கோரஸ் எல்லாரும் கூடுவார்கள். ஒத்திகை முடிந்து மணிக்கணக்கில் ஒலிப்பதிவு நடக்கும். கூட வாடகை, கலைஞர்களின் சம்பளம் எல்லாம் நேரக் கணக்கு. ஒருவர் தவறினால் அனைவரும் மீண்டும் வாசிக்கவேண்டும். இளையராஜா இந்த முறையின் உச்சம். முழு இசையையும் மனத்தில் கேட்டு, தாளில் எழுதிக் கொடுத்துவிடுவார்.

சொந்தக் கூடம் வைத்திருந்த ரகுமானுக்குக் கடிகாரக் கவலை இல்லை. முதலில் தாள ஓட்டம், பிறகு மெட்டு, பிறகு பாடகர், பிறகு ஒரு குழல், ஒரு வயலின் என அடுக்கடுக்காகப் பதிவு செய்தார். பாடகர் தோன்றியபடி பாடிப் பார்ப்பார்; நல்லதைத் தேர்ந்தெடுப்பார்கள். பிடிக்காத அடுக்கை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்று வைக்கலாம். வேலை பெரும்பாலும் இரவில் நடந்தது. ஒலிப்பதிவுப் பொறியாளர் எச். ஸ்ரீதர், இசையைச் செதுக்குவதில் பங்காளியாகவே இருந்தார்.

1992 ஆகஸ்ட் 15ஆம் தேதி மணிரத்னத்தின் ‘ரோஜா’ வெளியானது. மின்மினி பாடிய ‘சின்னச் சின்ன ஆசை’ ஒலிநாடாக்கள் வழியே கடல் கடந்தது. முதல் படத்துக்கே தேசிய விருது கிடைத்தது. 2005இல் ‘டைம்’ இதழ் வெளியிட்ட தலைசிறந்த பத்துத் திரையிசைகளின் பட்டியலிலும் ‘ரோஜா’ இடம்பெற்றது.

அந்தப் பாடல்களில் ரசிகர்கள் முதலில் உணர்ந்தது ஒலியின் தெளிவைத்தான். அடிநாதம் நெஞ்சில் அதிர்ந்தது. இசைக்கு நடுவே வெற்றிடம் இருந்தது. ஒரு வாத்தியம் நிறுத்தினால் இன்னொன்று உடனே ஓடிவந்து நிரப்பவில்லை. அந்த வெற்றிடத்தை விட்டுவைக்கும் முடிவை எந்தக் கணினியும் எடுக்கவில்லை.

‘கிராமத்துக்கு இது ஒத்துவருமா?’

நகரத்துக் காதல் படத்துக்கு இது சரி, மண்வாசனைப் படத்துக்கு என்ன செய்வார் என்ற கேள்வி அடுத்து எழுந்தது. பாரதிராஜாவின் ‘கிழக்குச் சீமையிலே’ 1993இல் வந்தது. ‘கருத்தம்மா’ 1994இல் வந்தது. ‘கருத்தம்மா’வின் ‘போறாளே பொன்னுத்தாயி’ பாடலுக்காக ஸ்வர்ணலதா தேசிய விருது பெற்றார்.

1993இல் வந்த ‘திருடா திருடா’ இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. அதில் ‘ராசாத்தி’ பாடலில் வாத்தியங்களே இல்லை. ஷாகுல் ஹமீதின் குரலும் கூட்டுக்குரல்களும் மட்டும்தான். அதே படத்தின் மற்ற பாடல்களில் மின்னொலி பொங்கி வழியும். கருவிகளை நன்றாக அறிந்தவருக்கு எப்போது அவற்றை அணைத்துவைக்க வேண்டும் என்பதும் தெரியும் என்பதற்கு அந்தப் பாடல் சான்று.

கமகம் தந்த சிக்கல்

மின்னிசைக் கருவிகளில் இந்திய இசைக்கு ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. விசைப்பலகையில் ஒரு விசைக்கும் அடுத்த விசைக்கும் நடுவே எதுவும் இல்லை. நம் இசையின் உயிரோ அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஸ்டார்லைட் ரோட்டிலுள்ள சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகத்தில் வாய்ப்பாட்டோ வீணையோ பயிலும் மாணவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு சுரத்தை அசைத்து, இழுத்து, வழுக்கி அடுத்த சுரத்தைத் தொடுவதே கமகம். விசையைத் தட்டினால் அது வராது.

விசைப்பலகையின் ஓரத்திலுள்ள சுருதி வளைக்கும் சக்கரத்தால் ஓரளவு சமாளிக்கலாம். ரகுமான் அதோடு நிற்காமல், ‘கான்டினியம் ஃபிங்கர்போர்டு’ என்ற கருவியை எடுத்துக்கொண்டார். அதில் தனித்தனி விசைகள் கிடையாது. நீண்ட, மென்மையான பரப்பு ஒன்றுதான். விரலை வைத்து நகர்த்தினால் சுருதியும் கூடவே நகரும். 2009இல் வந்த ‘டெல்லி 6’ இந்திப் படத்தின் ‘ரெஹ்னா தூ’ பாடலின் இறுதிப் பகுதியில் அதன் ஒலியைக் கேட்கலாம்.

கருவி தரும் வசதிக்கு ஏற்ப இசையை வெட்டிக்கொள்வது ஒரு வழி. இசைக்கு ஏற்ற கருவியைத் தேடிப்போவது இன்னொரு வழி. கணினியில் இசையமைக்கத் தொடங்கும் இளையர்கள் கவனிக்கவேண்டிய வேறுபாடு இது.

பாட்டு வேறு, பின்னணி இசை வேறு

திரைப்பட இசையமைப்பாளர் என்றதும் நாம் பாட்டை நினைக்கிறோம். அவருடைய வேலையில் பெரும்பகுதி பின்னணி இசை. திரையில் ஒரு வினாடிக்கு 24 படச் சட்டங்கள் ஓடுகின்றன. ஒரு நிமிடத்துக்கு 1,440. இரண்டரை மணி நேரப் படத்தில் 216,000. கதவு திறக்கும் அந்த ஒரு சட்டத்தில் இசை மாறவேண்டும் என்றால், மாறித்தான் ஆகவேண்டும்.

இங்கே கணினி பெரிய உதவி. நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் தாளம் வைத்தால் ஓர் அடிக்குச் சரியாக 12 சட்டங்கள் வரும். காட்சியில் வெட்டு எங்கே விழுகிறது என்பதைக் கணக்கிட்டு, வேகத்தைச் சற்றே கூட்டியோ குறைத்தோ பொருத்திவிடலாம். எங்கே இசை தொடங்கவேண்டும், எங்கே மௌனம் வேண்டும், அழும் தாயின் முகத்தில் சோகராகம் வேண்டுமா வேண்டாமா என்பதைக் கணினி சொல்லாது.

‘பம்பாய்’ படத்தின் கருவியிசை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நவீன் குமாரின் புல்லாங்குழலும் மெல்ல விரியும் வயலின்களும் சேர்ந்த அந்த இசை, 1995இல் ஒரு தமிழ்ப் படத்துக்காக உருவானது. பின்னர் ‘லார்ட் ஆஃப் வார்’ உள்ளிட்ட வெளிநாட்டுப் படங்களிலும் ஒலித்தது. கலவரத்தைச் சித்திரிக்கும் படத்துக்கு ஆரவாரமில்லாத ஓர் இரங்கல் இசை போதும் என்பது ஒரு மனிதரின் தீர்ப்பு.

சென்னையிலிருந்து ஆஸ்கார் மேடைக்கு

அடுத்த படிகளை வாசகர்கள் பலர் அறிவார்கள். இந்தியில் ‘தில் சே’, ‘லகான்’. 2002இல் லண்டனில் ‘பாம்பே ட்ரீம்ஸ்’ மேடை இசைநாடகம். 2008இல் டேனி பாயிலின் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’. 2009 பிப்ரவரி 22ஆம் தேதி நடந்த ஆஸ்கார் விழாவில் சிறந்த திரையிசை, சிறந்த பாடல் என இரண்டு விருதுகளை ரகுமான் வென்றார். “எல்லாப் புகழும் இறைவனுக்கே” என்று அந்த மேடையில் தமிழில் சொன்னார். அடுத்த ஆண்டு இரண்டு கிராமி விருதுகளும் வந்தன.

அந்தப் படத்தின் இன்னொரு பாடலான ‘ஓ சாயா’வும் ஆஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அதில் ரகுமானோடு சேர்ந்தவர் எம்.ஐ.ஏ. என்று அறியப்படும் மாதங்கி அருள்பிரகாசம். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த மின்னிசைக் கலைஞர். சென்னையில் திரையிசை வழியே வந்த ஒருவரும், லண்டனில் நடன மேடை வழியே வந்த ஒருவரும் ஒரே பாடலில் சந்தித்தார்கள்.

இதுவரை ரகுமான் ஏழு தேசிய விருதுகள் பெற்றிருக்கிறார். அந்த வரிசையில் ‘மின்சாரக் கனவு’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’, ‘காற்று வெளியிடை’, ‘பொன்னியின் செல்வன்’ ஆகியவையும் உண்டு.

விலை கொடுத்தவர்கள்

இந்த வெற்றிக் கதைக்கு மறுபக்கம் உண்டு. அடுக்கடுக்காகப் பதிவு செய்யும் முறையும் சாம்ப்ளரும் பரவியதும், ஒரு பாடலுக்கு முப்பது, நாற்பது வயலின் கலைஞர்களை ஒரே நாளில் அழைக்கவேண்டிய தேவை குறைந்தது. ஒரு விசைப்பலகைக் கலைஞர் பலரது வேலையைச் செய்தார். எம்.பி. சீனிவாசன் போன்றவர்கள் முன்னின்று திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் உருவாக்கி நியாயமான ஊதியம் பெற்றுத்தந்த நகரம் சென்னை. அங்கேயே அன்றாட ஒலிப்பதிவை நம்பிப் பிழைத்த பல குடும்பங்களுக்கு வருமானம் சுருங்கியது.

இதற்கு ஒருவரை மட்டும் பொறுப்பாக்க முடியாது. மலிவான கருவிகள் வந்தபின் தயாரிப்பாளர்களே செலவைக் குறைக்கச் சொன்னார்கள். மும்பையிலும் ஹாலிவுட்டிலும் இதே மாற்றம் நடந்தது. ஆனாலும் இழந்தவர்களுக்கு அது ஆறுதலாகாது.

ரகுமான் தரப்பில் இரண்டு செயல்களைக் குறிப்பிடவேண்டும். ஒன்று, ஒலிநாடா, குறுந்தட்டு உறைகளில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்களை அச்சிடும் வழக்கத்தைத் தம் இசைத்தொகுப்புகளில் கொண்டுவந்தார். பல ஆண்டுகளாகப் பெயரில்லாமல் வாசித்தவர்களை ரசிகர்கள் பெயர் சொல்லி அறிந்துகொண்டார்கள். மற்றொன்று, 2008இல் சென்னையில் கேஎம் இசைக் கல்லூரியைத் தொடங்கினார். ஒலித் தொழில்நுட்பத்தோடு இந்துஸ்தானி, மேற்கத்திய செவ்வியல் இசையும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. வசதியற்ற பிள்ளைகளுக்கு வயலினும் செல்லோவும் கற்றுத்தரும் ‘சன்ஷைன்’ இசைக்குழுவும் அந்த முயற்சியில் அடங்கும். கணினியால் பெயர் பெற்றவர், கையால் வாசிப்பவர்களை உருவாக்கப் பணம் செலவிடுகிறார் என்பது கவனிக்கத்தக்கது.

மனிதர்கள் சேர்ந்து வாசிக்கும் இசை மறைந்துவிடவும் இல்லை. 2025 மார்ச்சில் இளையராஜா தமது ‘வேலியன்ட்’ சிம்பொனியை லண்டனில் முழு இசைக்குழுவுடன் அரங்கேற்றியதை இங்குள்ள ரசிகர்களும் கொண்டாடினார்கள்.

இப்போது குரலின் முறை

அன்று வயலினுக்கு வந்த கேள்வி இன்று குரலுக்கு வந்திருக்கிறது. 2024இல் வெளியான ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ பாடலில், காலமான பாடகர்கள் ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவு மூலம் ரகுமான் ஒலிக்கவைத்தார். ‘ராசாத்தி’ பாடியவரின் குரல், அவர் பாடாத ஒரு பாடலில் ஒலித்தது. குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, அவர்களுக்கு உரிய ஊதியமும் கொடுத்ததாக ரகுமான் தெரிவித்தார்.

அதே காலகட்டத்தில், எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலை அனுமதியின்றி உருவாக்கியதாகக் கூறி, ஒரு தெலுங்குப் படக்குழுவுக்கு அவருடைய குடும்பத்தார் சட்ட அறிவிப்பு அனுப்பினர். 2024 ஜூலையில், பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில் அவரது குரலை அனுமதியின்றி நகலெடுக்கும் செயலிகளுக்கு எதிராக பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

தொழில்நுட்பம் ஒன்றுதான். அனுமதி கேட்டார்களா, பணம் கொடுத்தார்களா, பெயர் சொன்னார்களா என்பதில்தான் இவை வேறுபடுகின்றன. அனுமதி வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா என்பதிலும் இருவேறு கருத்துகள் உண்டு. காலமான பாடகர் சம்மதம் சொல்ல முடியாது. அவருக்காகக் குடும்பம் சொல்கிறது. மறைந்தவரின் குரல் கிடைக்கும்போது புதிய பாடகருக்கு வாய்ப்புக் குறையாதா என்ற கேள்வியும் நியாயமானதே.

சிங்கப்பூர் இளையர்களுக்கு

இங்கிருந்து திரையிசைக்குச் செல்வது நடவாத காரியமன்று. 2005இல் ‘வசந்தம் ஸ்டார்’ பட்டம் வென்ற சிங்கப்பூர்க் கலைஞர் ஷபீர், 2019இல் வெளிவந்த ‘சகா’ தமிழ்ப் படத்துக்கு இசையமைத்தார். அதில் பெரிதும் பேசப்பட்ட ‘யாயும்’ பாடல் குறுந்தொகையின் 40ஆம் பாடலை அடியொற்றியது. இரண்டாயிரம் ஆண்டுப் பழைய வரிகள் மின்கிட்டாரோடும் கணினியோடும் இயல்பாக இணைந்தன. பள்ளியில் தமிழ் இலக்கியம் எடுப்பதால் இசைக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு அந்தப் பாடலைப் பதிலாகச் சொல்லலாம்.

சட்டப்படி தெரிந்துகொள்ளவேண்டியவையும் சில உண்டு. சிங்கப்பூரின் புதிய பதிப்புரிமைச் சட்டம் 2021 நவம்பரில் நடப்புக்கு வந்தது. படைப்பாளரையும் கலைஞரையும் பெயர் சொல்லி அடையாளப்படுத்தும் கடமையை அது வலியுறுத்துகிறது. பிறர் கேட்டுக்கொண்டதற்காகச் செய்து கொடுக்கும் ஒலிப்பதிவின் உரிமை, ஒப்பந்தத்தில் வேறு விதமாகக் குறிப்பிடாவிட்டால், உருவாக்கியவரிடமே இருக்கும். நண்பரின் குறும்படத்துக்கோ கடையின் விளம்பரத்துக்கோ இசை அமைப்பவர்கள் கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தில் இந்த இடத்தை நிதானமாகப் படிப்பது நல்லது.

அதே சட்டம், முறையாகப் பெற்ற படைப்புகளைக் கணினித் தரவுப் பகுப்பாய்வுக்காக நகலெடுக்கவும் இடமளிக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி தருபவர்களுக்கு இது சாதகம். இணையத்தில் பாடலை ஏற்றும் இளையர்கள் இந்த இரு பக்கங்களையும் அறிந்திருக்கவேண்டும். பாடல் பொது இடங்களில் ஒலிக்கும்போது உரிமத் தொகை பெற்றுத்தருவதற்கு, 1987இல் தொடங்கப்பட்ட ‘காம்பஸ்’ எனும் இசையமைப்பாளர், பாடலாசிரியர் சங்கம் இங்கே செயல்படுகிறது.

இனி, “கம்ப்யூட்டர்தானே எல்லாம் போடுது” என்று வீட்டில் யாராவது கேட்டால், பாட்டை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு விளக்கிப் பாருங்கள்: எந்த ஒலியை ஏன் தேர்ந்தெடுத்தேன், எங்கே வெற்றிடம் விட்டேன், யாருடைய வாசிப்பைச் சேர்த்தேன், அவருக்கு என்ன கொடுத்தேன். இந்த நான்குக்கும் பதில் சொல்ல முடிந்தால் அந்தப் பாட்டைப் போட்டது நீங்கள்தான். சொல்ல முடியாவிட்டால், கேள்வி கேட்ட பெரியவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.